கணினிக் கேள்வி-பதில்: எந்த அலுவலக மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதன்பின் வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை, மீண்டும் பணம் செலுத்தி அதே மென்பொருளை வாங்குவதா, லிப்ரே ஆபிஸ் போன்ற திறமூல மென்பொருளுக்கு (மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் உரிமம் இடந்தரும் மென்பொருளுக்கு) மாறுவதா என்றே கேட்கின்றன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சிராங்கூன் சாலைக்கு அருகில் மளிகைப் பொருள் இறக்குமதி நிறுவனம் நடத்துகிறோம். ஒன்பது கணினிகளிலும் ஆபிஸ் 2019 இருக்கிறது. கணினி விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா எடுக்கச் சொல்கிறார். என் மருமகனோ லிப்ரே ஆபிஸ் போதும், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், சிராங்கூன்)

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரில் எவரும் உங்கள் நிறுவனத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு இதைச் சொன்னதாகக் கடிதத்தில் குறிப்பு இல்லை. மென்பொருளின் பெயரிலிருந்து தொடங்காமல், நீங்கள் அன்றாடம் கையாளும் கோப்புகளிலிருந்து தொடங்கினால்தான் இந்த முடிவைச் சரியாக எடுக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், எவ்வளவு அவசரம் என்பதைப் பார்ப்போம். ஆதரவு முடிந்த பிறகும் ஆபிஸ் 2019 முன்போலவே இயங்கும். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அதில் திருத்தம் வராது. வெளிநாட்டு விற்பனையாளர்களும் சரக்கு முகவர்களும் மின்னஞ்சலில் அனுப்பும் விலைப்பட்டியல்களையும் ஆவணங்களையும் நாள்தோறும் திறக்கின்ற ஒரு நிறுவனம் இந்த நிலையில் நீண்ட காலம் இருக்கக் கூடாது. நாளைக்கே மாற வேண்டியதில்லை. ஆனாலும் சில வாரங்களுக்குள் முடிவெடுத்துவிடுங்கள்.

உங்கள் முன் இருப்பவை மூன்று வழிகள். மைக்ரோசாஃப்ட் 365 வணிகச் சந்தா ஒன்று. ஒருமுறை மட்டும் பணம் செலுத்தி வாங்கும் ஆபிஸ் 2024 மற்றொன்று. அதற்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. மூன்றாவது லிப்ரே ஆபிஸ்; வணிகப் பயன்பாட்டுக்கும் அதற்குக் கட்டணமில்லை, எத்தனை கணினிகளில் நிறுவலாம் என்ற வரம்பும் இல்லை. விற்பனையாளர் எவரேனும் ஆபிஸ் 2021 மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னால் வாங்காதீர்கள். அதன் ஆதரவும் 2026 அக்டோபரில் முடிகிறது.

சந்தாவைப் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தா காலாவதியானால், கணினியில் உள்ள வேர்டும் எக்செலும் கோப்புகளைத் திறந்து காட்டும், அச்சிடவும் இடம் தரும். ஆனால் திருத்தவோ புதிதாக எழுதவோ விடா. விலையும் உங்கள் கையில் இல்லை. வீட்டுப் பயனர்களுக்கான சந்தாவில் கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்துக் கட்டணத்தையும் உயர்த்தும் முறை 2024-இன் பிற்பகுதியில் முதலில் அறிமுகமான நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. இவற்றையெல்லாம் சந்தாவே தவறு என்ற பொருளில் சொல்லவில்லை. மின்னஞ்சல், மேகச் சேமிப்பு, ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வசதி ஆகியவை ஒரே தொகுப்பாகத் தேவைப்படும் நிறுவனத்திற்கு அது நியாயமான செலவுதான். அந்த வசதிகளைப் பயன்படுத்தாமல், கடிதம் தட்டச்சு செய்வதற்கும் இருப்புப் பட்டியல் போடுவதற்கும் மட்டும் ஒன்பது சந்தா கட்டுவதுதான் வீண்.

இனிச் சோதனைக்கு வருவோம். ஆளுக்குச் சில கோப்புகள் என்ற கணக்கில், ஊழியர்கள் உண்மையில் அன்றாடம் பயன்படுத்துகின்ற கோப்புகளின் நகல்களை ஒரு கோப்புறையில் சேருங்கள். வெறும் கடிதங்களைச் சேர்த்துப் பயனில்லை. உங்களிடம் இருப்பவற்றிலேயே சிக்கலானவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். ஒரு கணினியில் லிப்ரே ஆபிஸை நிறுவி அவற்றைத் திறந்து, திருத்தி, சேமித்து, பிறகு ஆபிஸ் உள்ள கணினியில் மீண்டும் திறந்து பாருங்கள். சாதாரணக் கடிதங்கள், விலைப்பட்டியல்கள், கூட்டல் கழித்தல் கொண்ட விரிதாள்கள், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணைகள் ஆகியவை பெரும்பாலும் சேதமின்றிப் போய்வரும். வரிசைகளின் எண்ணிக்கையிலும் பின்னடைவு இல்லை. எக்செலைப் போலவே, லிப்ரே ஆபிஸின் விரிதாள் நிரலான கேல்க்கும் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளைத் தாங்கும். பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும், எக்செல் பயனர்கள் விரும்பும் எக்ஸ்லுக்கப் சூத்திரமும் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து கேல்க்கில் கிடைக்கிறது.

சிக்கல் எழக்கூடிய இடங்களும் உண்டு. எக்செலின் விபிஏ மொழியில் எழுதப்பட்ட மேக்ரோக்களில் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களில்) ஒரு பகுதி கேல்க்கில் இயங்கும், எல்லாம் இயங்கா. எக்செலின் தரவுத் தொகுப்பு வசதிகளான பவர் குவெரி, பவர் பிவட் ஆகியவற்றைக் கொண்டு உங்கள் கணக்காளர் அறிக்கை தயாரிக்கிறார் என்றால், அந்த வேலையை அப்படியே லிப்ரே ஆபிஸுக்குக் கொண்டுவர முடியாது. நுணுக்கமான அசைவூட்டங்கள் கொண்ட பவர்பாயின்ட் கோப்புகளும் இடம் மாறும்போது குலையலாம்.

எழுத்துருக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் மென்பொருளின் குறை என்று நினைப்பது பெரும்பாலும் எழுத்துருவின் குறைதான். வேர்ட் கோப்புக்குள் பொதுவாக எழுத்துரு இருப்பதில்லை, அதன் பெயர் மட்டுமே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கும். எழுத்துகளின் அகலம் மாறும், வரிகள் இடம் மாறும், ஒரு பக்கத்தில் முடிந்த விலைப்பட்டியல் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். கலிப்ரி எழுத்துருவின் அதே அகலத்தில் கார்லிட்டோவும், கேம்பிரியாவின் அகலத்தில் கலேடியாவும், டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் ஆகியவற்றுக்கு ஈடாக லிபரேஷன் குடும்பமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை கணினியில் இருந்தாலே பழைய கோப்புகளில் காணும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 2023-இல் தன் இயல்பு எழுத்துருவை ஏப்டோஸுக்கு மாற்றியதால், புதிய ஆபிஸில் உருவான கோப்புகளைத் தனியாகச் சோதியுங்கள்.

ஒன்பது கணினிகளுக்கும் ஒரே மென்பொருள்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொண்ட வரையில், கணக்குப் பிரிவுக்கும் வெளியாருடன் ஒப்பந்த வரைவுகளை மாறிமாறித் திருத்துபவருக்கும் ஆபிஸ் உரிமம் வாங்குவதும், கிடங்கு, கடை, வரவேற்பு ஆகியவற்றில் உள்ள கணினிகளில் லிப்ரே ஆபிஸை நிறுவுவதும் பொருத்தமாக இருக்கும். அப்படிச் செய்தால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கச் செலவிடுங்கள். இருபது ஆண்டுகளாக ஒரே பட்டியலில் ஒரே இடத்தில் சொடுக்கிப் பழகிய ஊழியரிடம், முன்னறிவிப்பின்றித் திங்கட்கிழமை காலை புதிய திரையைக் கொடுத்தால், அவர் அந்த மென்பொருளை வெறுப்பதில் நியாயம் உண்டு. மாற்றங்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: வீட்டிலிருந்து உணவு தயாரித்து விற்கிறேன். இணையத்தில் ஆபிஸ் உரிமக் குறியீடு சில வெள்ளிக்கே கிடைக்கிறது. வாங்கலாமா? எங்கள் வீட்டில் குடும்பச் சந்தாவும் இருக்கிறது; அதையே வியாபாரத்துக்கும் பயன்படுத்தினால் என்ன? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: வாங்காதீர்கள். அத்தகைய குறியீடுகள் பல, பெரிய நிறுவனங்களுக்கோ கல்விக்கூடங்களுக்கோ மொத்தமாக வழங்கப்பட்டவை. தனித்தனியாக விற்கும் உரிமை விற்பவரிடம் இருப்பதில்லை. அது ஒருநாள் செயலிழந்தால் நீங்கள் யாரிடமும் முறையிட முடியாது. வணிக ஆதாயத்துக்காக, தெரிந்தே உரிமமில்லாத மென்பொருளைப் பயன்படுத்துவது சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் குற்றமாகவும் ஆகலாம்.

மைக்ரோசாஃப்ட் 365 குடும்பச் சந்தாவை ஆறு பேர்வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அதன் விதிமுறைகள் வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இடமளிக்கின்றன. உங்கள் தேவை வாடிக்கையாளர் பட்டியல், செலவுக் கணக்கு, விலை அட்டை ஆகியவைதாம். இதற்கு லிப்ரே ஆபிஸ் தாராளமாகப் போதும். சட்டத்துக்கு உட்பட்டே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். பணமில்லாத காரணத்தால் திருட்டு நகலைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இன்று எவருக்கும் இல்லை என்பதை ஒவ்வொரு சிறு வியாபாரிக்கும் சொல்ல விரும்புகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உள்நாட்டு வருவாய் ஆணையம் வணிகப் பதிவுகளை ஐந்தாண்டு காலம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆண்டு முடிந்ததும் கணக்குத் தாள்களைப் பிடிஎஃப் வடிவிலும் ஏற்றுமதி செய்து தனியே சேமித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலர்கள், கூட்டக் குறிப்புகள், நாடகப் பிரதிகள் ஆகியவை 1990களிலிருந்து கணினியில் உள்ளன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. விலை கொடுத்து நல்ல மென்பொருள் வாங்கினால் சரியாகுமா? மன்றத்துக்கு எந்த மென்பொருளைப் பரிந்துரைப்பீர்கள்? (மன்றச் செயலாளர், தோ பாயோ)

பதில்: எவ்வளவு விலை கொடுத்து எந்த மென்பொருளை வாங்கினாலும் அதனால் மட்டும் அந்தக் கோப்புகள் சரியாகிவிடா. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் சிங்கப்பூரில் இதே நிலையில் உள்ள அமைப்புகள் பல.

அக்காலத்தில் தமிழுக்கென்று எல்லாக் கணினிகளும் ஏற்றுக்கொண்ட குறியேற்றம், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை, புழக்கத்தில் இல்லை. உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்றமாகிய யூனிகோட் 1991-இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தபோதிலும், விண்டோஸ் 2000 வரும் வரையில் விண்டோஸில் அதற்கு ஆதரவு இல்லை. ஆகவே எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தனர். கோப்பில் சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்தின் எண். திரையில் தெரிந்தது தமிழ் வடிவம். அந்த எழுத்துரு கணினியில் இல்லாதபோது, உள்ளே இருந்த எழுத்து தன் சொந்த உருவத்தில் தெரிகிறது. டிஸ்கி, டாம், டாப் எனப் பொதுக் குறியேற்றங்கள் பின்னர் வந்தாலும், ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் தனக்கென ஒரு வரிசையை வைத்திருந்த காலமும் உண்டு.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் நம் நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு என்பதையும் மன்றத்தின் இளைய உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கி, 1995-ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியவர்களுள் முன்னோடி. தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கேதான் கூடியது. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில்தான் உருவானது. அந்தத் தலைமுறை பாடுபட்டு அமைத்த பாதையில்தான் இன்று நாம் எவ்விதத் தடையுமின்றிக் கைப்பேசியில் தமிழில் எழுதுகிறோம். அவர்கள் காலத்து ஆவணங்கள் படிக்க முடியாமல் போவது நமக்கு ஏற்புடையதாக இருக்கலாகாது.

செய்ய வேண்டியது, பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கட்டணமில்லாக் கருவிகள் இருக்கின்றன. கோப்பைத் திறந்து, உரைப்பகுதியைத் தெரிவுசெய்தால், எழுத்துருப் பெட்டியில் ஒரு பெயர் தெரியும். அந்த எழுத்துரு இப்போது கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் பதிந்திருக்கும். எந்தக் குறியேற்றம் என்பதை அறிய அந்தப் பெயரே துப்பு. ஓர் எச்சரிக்கை: தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திகளை மொத்தமாக மாற்றியில் போட்டுவிடாதீர்கள். ஆங்கிலச் சொற்களையும் பழைய தமிழ் என்றே கருவி எடுத்துக்கொண்டு, உறுப்பினர் பெயர்களையும் முகவரிகளையும் சிதைத்துவிடும். பழைய எழுத்துருவில் அமைந்த பகுதிகளை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். மூலக் கோப்பை எக்காரணத்தைக் கொண்டும் அழிக்கக் கூடாது.

இனி மென்பொருள். உங்கள் மன்றத்துக்கு நான் தயக்கமின்றி லிப்ரே ஆபிஸைப் பரிந்துரைக்கிறேன். இதில் கட்டணத்தைவிட முக்கியமான காரணங்கள் உண்டு. இன்றைய வேர்ட் தன் பாதுகாப்பு அமைப்பின்படி முதலில் தடுத்து நிறுத்தும் வேர்ட் 95 போன்ற பழைய கோப்புகளையும், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ், வேர்ட்பெர்ஃபெக்ட் முதலிய மறைந்துபோன வடிவங்களையும் திறப்பதற்கு லிப்ரே ஆபிஸ் சமூகம் தனியாக உழைத்திருக்கிறது. அது இயல்பாகப் பயன்படுத்தும் ஓடிஎஃப் வடிவம், 2006-ஆம் ஆண்டிலிருந்து ஐஎஸ்ஓ 26300 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாக இருப்பது. எந்த நிறுவனத்தின் அனுமதியுமின்றி எவரும் அதைப் படிக்கும் மென்பொருள் எழுதலாம். வேர்டின் டாக்எக்ஸ் வடிவமும் 2008-இல் ஐஎஸ்ஓ 29500 ஆகத் தரம் பெற்றதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பழைய ஆபிஸ் பழக்கங்களுக்காகச் சேர்க்கப்பட்ட பகுதிகள் அதில் ஏராளமாக இருப்பதால், பிறர் அதை முழுமையாகக் கையாள்வது கடினம். நிலையான காப்பகத்துக்கு, நீண்டகாலப் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ வடிவில் ஒரு படியும், திருத்துவதற்கு, ஓடிஎஃப்பின் எழுத்து ஆவண வகையான ஓடிடி வடிவில் ஒரு படியும் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே திருத்தத்தக்க மூலக் கோப்பையும் பொதிந்து வைக்கும் வசதி லிப்ரே ஆபிஸில் உண்டு. ஆண்டு மலர்களுக்கு அது மிகவும் உதவும்.

நிறுவியவுடன் செய்ய வேண்டிய ஒன்று: மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகளுக்கான பகுதியை (Complex Text Layout) இயக்கி, அங்கே தமிழைத் தெரிவுசெய்யுங்கள். லிப்ரே ஆபிஸ் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் ஆங்கிலத்திலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. இது தெரியாமல் பலர் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தமிழ் மாறவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா ஆகிய எழுத்துருக்களை உங்கள் விருப்பப்படி பிறருக்குப் பகிர உரிமை இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருக்களுக்கு அந்தத் தடை இல்லாததால், மன்றத்தின் பொது எழுத்துருவாக அவற்றில் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை திருத்தியிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். விகுதிகளும் உருபுகளும் அடுக்கடுக்காகச் சேரும் தமிழுக்கு, சொற்பட்டியலை நம்பும் திருத்திகள் போதுமானவையாக இல்லை. கட்டண மென்பொருளிலும் இந்தக் குறை முழுமையாகத் தீரவில்லை.

உறுப்பினர் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மன்றங்களுக்கும் பொருந்தும். எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அந்தப் பட்டியலைக் கடவுச்சொல் இட்டுச் சேமியுங்கள். தேவையின்றி அடையாள அட்டை எண்ணைக் கேட்டுப் பதிவுசெய்யும் பழைய வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மகள் உயர்நிலை ஒன்றுக்குச் செல்கிறாள். அவளுக்காக ஆபிஸ் வாங்க வேண்டுமா? கூகல் டாக்ஸும் திறமூலம்தானே? (வாசகர், செங்காங்)

பதில்: பள்ளியைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். மாணவர்களுக்குப் பள்ளி தரும் கற்றல் சாதனத்திலும் கணக்கிலும் தேவையான மென்பொருள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பள்ளி எந்த மென்பொருளில் ஒப்படைப்புகளைக் கேட்கிறதோ அதில் அவள் வேலை செய்யட்டும். நம் கொள்கையைக் குழந்தையின் மதிப்பெண்ணில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கூகல் டாக்ஸ் திறமூலம் அன்று. பணம் கேட்பதில்லை என்பதால் ஒரு மென்பொருள் திறமூலம் ஆகிவிடாது. டபிள்யூபிஎஸ் ஆபிஸும் அப்படித்தான். மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் இடந்தர வேண்டும். லிப்ரே ஆபிஸ், ஒன்லிஆபிஸ் ஆகியவற்றின் மூலநிரல் அவ்வாறு வெளியிடப்பட்டுள்ளது. வீட்டுக் கணினியில் லிப்ரே ஆபிஸை நிறுவி வைப்பதால் எந்த இழப்பும் இல்லை. இரண்டு வகை மென்பொருளிலும் பழகிய மாணவி, பொத்தான்களின் இடத்தை மனப்பாடம் செய்யாமல், தலைப்புப் பாணி, பக்க அமைப்பு, சூத்திரம் ஆகியவற்றின் அடிப்படையைக் கற்றுக்கொள்வாள்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் பார்க்கலாம் என்றால், திருடர்களும் பார்க்கலாம் அல்லவா? ஏதாவது தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? அந்தத் திட்டமே திடீரென்று நின்றுபோனால்? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்.

நிரல் திறந்திருப்பது தானாகவே பாதுகாப்பைத் தந்துவிடாது. இணையத் தொடர்புகளை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையும், 2021 டிசம்பரில் உலகையே அலைக்கழித்த லாக்4ஜே குறையும் திறமூல மென்பொருளில் இருந்தவைதாம். மறுபுறம், 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சிறு கருவிக்குள் ஒருவர் திட்டமிட்டு மறைத்துவைத்த பின்வாசலை (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழியை) கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர். தொலைநிலை உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, நிரலைத் தோண்டிப் பார்த்தே அதைக் கண்டார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியார் ஒருவரால் அவ்வளவு விரைவில் அதன் அடிவரை செல்ல முடிந்தது. உங்களைப் போன்ற பயனருக்கு நடைமுறையில் முக்கியமானவை இரண்டு: மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கம் செய்வதும், புதிய பதிப்புகளைத் தள்ளிப்போடாமல் நிறுவுவதும். லிப்ரே ஆபிஸ் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. அறிமுகமில்லாதவர் அனுப்பிய கோப்பு மேக்ரோவை இயக்கச் சொன்னால், எந்த மென்பொருளாக இருந்தாலும் இயக்காதீர்கள்.

பொறுப்பைப் பற்றி: கட்டண மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மென்பொருளால் உங்களுக்கு நேரும் இழப்புக்கான பொறுப்பை விற்பவர் பெரும்பாலும் நீங்கள் செலுத்திய தொகைக்குள் சுருக்கிக்கொண்டிருப்பார். பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது இழப்பீடு அன்று, உதவி. அந்த உதவி திறமூலத்திலும் விலைக்குக் கிடைக்கிறது; கொலாபொரா போன்ற நிறுவனங்கள் லிப்ரே ஆபிஸுக்கு நீண்டகால ஆதரவு அளிக்கின்றன. வேலை நின்றால் பெரிய நட்டம் ஏற்படும் நிறுவனம், மென்பொருள் எதுவானாலும், ஆதரவுக்கு ஒரு தொகை ஒதுக்கியே ஆக வேண்டும்.

திட்டம் நின்றுபோவதைப் பற்றிய அச்சத்துக்கு இந்த மென்பொருளின் வரலாறே விடை. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபிஸை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000-ஆம் ஆண்டில் அதன் மூலநிரலை வெளியிட்டது. அது ஓபன்ஆபிஸ் ஆயிற்று. 2010-இல் சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குப் போனபோது, திட்டத்தின் எதிர்காலம் குறித்துக் கவலைகொண்ட பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு டாகுமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின்கீழ் லிப்ரே ஆபிஸைத் தொடங்கினர். உரிமையாளர் மாறினாலும் பயனரின் கோப்புகள் தொடர்ந்து திறந்துகொண்டே இருந்தன. மூடிய மென்பொருளில் அதன் உரிமையாளர் கைவிட்டால் இப்படி ஒரு மறுபிறப்புக்கு வழியில்லை. ஓபன்ஆபிஸ் என்ற பெயரில் இன்றும் ஒரு மென்பொருள் அப்பாச்சி அமைப்பிடம் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய 4.1 வரிசையிலேயே சிறு திருத்தங்களோடு அது நிற்பதால், புதிதாக நிறுவுபவர்கள் லிப்ரே ஆபிஸையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி திறமூலத்துக்கு மாறிவிட்டு மீண்டும் விண்டோஸுக்கே திரும்பியதே. பெரிய நிறுவனத்தால் முடியாததை நாம் ஏன் முயல வேண்டும்? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: மியூனிக் கதையைப் பாதியில் நிறுத்திச் சொல்வோர் அதிகம். அந்நகர மன்றம் 2003-இல் மாற்றத்துக்கு வாக்களித்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2013-இல் ஏறத்தாழ 15,000 கணினிகள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளத்தில் இயங்கின. அவற்றில் அலுவலக வேலைக்கு முதலில் ஓபன்ஆபிஸும் பிறகு லிப்ரே ஆபிஸும் பயன்பட்டன. கடித வார்ப்புருக்களையும் படிவங்களையும் கையாள வோல்மக்ஸ் என்னும் கருவியை நகராட்சி தானே எழுதித் திறமூலமாக வெளியிட்டது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது உண்மைதான். ஆனால் 2020-இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்ற இடங்களில் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று உடன்பாடு செய்துகொண்டது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில், தன் நிர்வாகத்தின் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அங்கே முன்வைக்கப்பட்ட முதன்மைக் காரணம் செலவுக் குறைப்பு மட்டும் அன்று. அரசின் தரவும் கருவிகளும் அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது.

நம் ஊரிலும் இது புதிதன்று. தற்காப்பு அமைச்சு சுமார் 5,000 கணினிகளில் ஓபன்ஆபிஸை நிறுவியதாக 2004-ஆம் ஆண்டிலேயே செய்தி வந்தது. இருபதாண்டுக்கு முன்பே அவ்வளவு பெரிய அமைப்பு எண்ணிப் பார்க்கத்தக்கதாக இருந்த வழியை, இன்றைய முதிர்ந்த மென்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஆராயாமல் தள்ளிவிடுவதில் நியாயமில்லை.

மியூனிக் அளவிலான அமைப்பு இயங்குதளத்தையும், அலுவலக மென்பொருளையும், நூற்றுக்கணக்கான துறைசார் நிரல்களையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. உங்களைப் போன்றவர்கள் விண்டோஸை விடாமலே அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டு மென்பொருளையும் ஒரே கணினியில் அருகருகே வைத்துக்கொண்டு சில மாதங்கள் பழகலாம். எந்த வேலைக்கு எது தேவைப்படுகிறது என்பதைக் குறித்துவைத்துவிட்டு, அடுத்த சந்தாப் புதுப்பிப்பு வருவதற்குள் முடிவெடுக்கலாம். அந்த மாதங்களில் புதிதாக உருவாக்கும் கோப்புகளை, நீங்கள் யாருடன் பரிமாறுகிறீர்களோ அவர்கள் கேட்கும் வடிவில் சேமியுங்கள். உங்களுக்கு மட்டுமே உரியவற்றை ஓடிஎஃப் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸ் பொருந்தவில்லை என்று பின்னர் தோன்றினாலும், வேர்ட் 2009-ஆம் ஆண்டிலிருந்தே ஓடிடி கோப்புகளைத் திறக்கிறது. அதனால் நீங்கள் திரும்பிச் செல்லும் வழி அடைபடாது.